உக்காரச் சொன்னாங்க, அதனால திருப்தி

குழந்தைகளுக்கான மனநலப் புறநோயாளிப் பிரிவில் குடும்பத்தாரைக் கூப்பிட்டு ‘சேவை திருப்தியா?’ என்று கேட்பதற்குப் படிவங்கள் இருக்கின்றன. மனநலச் சேவைகளுக்காக அமெரிக்காவில் 1979இல் வெளியான எட்டுக் கேள்விப் படிவம் இன்றும் பல நாடுகளில் புழங்குகிறது. கேள்விக்கு 1 முதல் 4, மொத்தம் 32. பெரும்பாலும் மதிப்பெண் மேலேயே நிற்கும். வந்தவரைத்தானே கேட்கிறார்கள்? ஒருதரம் வந்துவிட்டு அப்புறம் வராமலே போனவரை யார் கேட்டது?

நம்ம சனங்க விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. எங்க அக்கா மகனுக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூடம் என்றாலே வாந்தி, ராத்திரியில் படுக்கையிலேயே மூத்திரம். விடியக்கால பஸ்ஸில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள். அன்றைய நடவுக் கூலி போச்சு. மூணு மணிநேரம் வரிசை, அஞ்சு நிமிஷம் டாக்டர். தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் கேட்டார். வகுப்பில் கக்கூஸ் கழுவ யார் பேரைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்கவில்லை. பையனும் சொல்லவில்லை. மாத்திரை எழுதி, அடுத்த மாசம் வரச் சொல்லிவிட்டார்.

‘எப்படிக்கா பாத்தாங்க?’

‘நல்லா பாத்தாங்க தம்பி. நாற்காலில உக்காரச் சொன்னாங்க.’

படிவத்தில் இது 4க்கு 4. பையன் இன்னும் வாந்தி எடுக்கிறான்.

ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவரின் பேத்தி அவள். நாற்காலியே அவளுக்குப் பெரிய மரியாதை. அந்த நன்றியைத் தங்கள் சாதனைக் கணக்கில் வரவு வைக்கிற நிர்வாகத்தைத்தான் சொல்கிறேன். (நான் வேலை பார்க்கிற வங்கியிலும் புகார்ப்பெட்டி தொங்குகிறது. கல்விக் கடனுக்கு நாலுதரம் அலைந்தவர் அதில் சீட்டுப் போட்டு நான் பார்த்ததில்லை. அஞ்சாம் தரமும் வரணுமே!)

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சேவையில் சாதிப் பாகுபாடு கூடாது, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் ஏற்புடையதாக அது இருக்கணும் என்கிறது. ஆகவே நம்மிடம் கேட்க வேண்டியது உரிமை கிடைத்ததா என்று. எத்தனை நாள் கூலி போனது? பிள்ளையிடம் தனியாகப் பேசினார்களா? பள்ளிக்கூடத்தில் நடப்பதை விசாரித்தார்களா? போவதை ஏன் நிறுத்தினீர்கள்?

இதை ஆஸ்பத்திரிக்குள் டாக்டர் பார்த்திருக்கக் கேட்டால் பழைய பதில்தான் வரும். சேரிக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து கேட்கணும். மாணவத் தோழர்கள் வட்டாரத்துக்குப் பத்துப்பேர் கிளம்பினால் கோடை விடுமுறைக்குள் முடித்துவிடலாம்.