புது வண்டிக்குப் பழைய வேஷம்... லாபமா?

1990 வாக்கில் வந்த போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காரை, 1970-களின் தோற்றத்துக்கு மாற்றித் தருகிறது அமெரிக்காவின் சிங்கர் நிறுவனம். செலவு? பல கோடி ரூபாய்!

நாகர்கோவில்காரர் ஒருவர் தன் ஜீப்பை உலகப் போர் கால வில்லிஸ் போல மாற்ற ஆசைப்பட்டால்?

கொஞ்சம் பொறுங்கள். ஆர்.சி-யில் உள்ள தயாரிப்பு விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று, பக்கத்துக் கேரளாவிலிருந்து வந்த வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மீறினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே.

வின்டேஜ் பதிவு? 2021 விதிப்படி, 50 வயது தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிக்கே அது கிடைக்கும். வேஷம் போட்டால் வயசு கூடாது.

தாத்தாவின் பழைய வண்டி வீட்டில் நிற்கிறதா? அசல் பாகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மதிப்பே அதில்தான்!