பிடிக்கிற கை

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் பென்ஷன் கணக்கைப் பார்த்தேன். மருத்துவக் காப்பீட்டுக்கு மாதம் 497 ரூபாய் பிடித்தம். எந்த ஆஸ்பத்திரியில், எவ்வளவுக்கு என்று கேட்டேன். சிரித்தார்.

தமிழக அரசின் ஓய்வூதியர் திட்டம் நாலு வருஷத்துக்கொரு முறை சட்டை மாற்றிக்கொள்கிறது. 2014இல் மாதம் 150 ரூபாய், நாலு வருஷத்துக்கு 2 லட்சம் வரை சிகிச்சை. 2018இல் 350 ரூபாய், 4 லட்சம். 2022 ஜூலை முதல் 2026 ஜூன் வரை 497 ரூபாய், 5 லட்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: லட்ச ரூபாய் பாதுகாப்புக்கு முதலில் 3,600 கட்டியவர், கடைசியில் கட்டியது 4,771.

விலைவாசி ஏறியது வாஸ்தவம். எழுபது வயதுக்காரருக்கு வெளியில் இந்தப் பணத்துக்குக் காப்பீடு கிடைப்பது அரிது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். என் சண்டை அதுவல்ல. கேட்காமல் பிடிக்கிற கை, சொல்லாமல் மாற்றவும் செய்கிறதே, அதுதான்.

"எல்லாம் வலைத்தளத்தில் இருக்கிறது" என்பார்கள். மாரடைப்பு வந்தவரை மலையிலிருந்து வண்டியில் இறக்கும் வீட்டார், கள்ளக்குறிச்சியில் நிறுத்துவதா, சேலத்துக்கு விடுவதா என்று தவிக்கும்போது வலைத்தளமா தேடுவார்கள்? பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியென்றால் கைப்பணம் கட்டிவிட்டு மனுவோடு அலைய வேண்டும். பட்டியலில் இல்லை என்பதற்காக மட்டும் பணத்தை மறுக்கக் கூடாதென்று, மத்திய அரசின் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2018இல் சொன்னது. பேஷ்! வாத்தியார் டில்லி வரையா போவார்?

ஓய்வூதியர் உயிரோடிருக்கிறாரா என்று பார்க்க வருஷந்தோறும் நேர்காணல் வைக்கிறது கருவூலம். அதை ஒட்டியே, சேர்ந்த ஆஸ்பத்திரி எது, விலகியது எது, எந்தச் சிகிச்சைக்கு என்ன உச்சவரம்பு என்று தமிழில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்கலாம். நாலு வருஷத்தில் 23,856 ரூபாய் கட்டியவருக்கு அந்தத் தாளின் செலவைக்கூடவா கணக்குப் பார்ப்பது?