வியாஜ்ய மூலம் இல்லையாம்!

'பிராதில் வியாஜ்ய மூலம் இல்லை, தள்ளப்படுகிறது.' எங்க பெரியப்பா தன் கைப்பட எழுதி, தானே கோர்ட்டில் போய் நின்று வாதாடிய வழக்குக்குக் கிடைத்த பதில் இதுதான். வக்கீல் வைக்கக் காசில்லை. பார்த்த வக்கீல்களும் எதிராளி பேரைக் கேட்டதும் 'அப்புறமா வாங்க' என்றார்கள்.

அஞ்சாவது படிச்ச மனுஷன் நாலு தாளில் எழுதினார். தாத்தா அந்தப் பஞ்சமி நிலத்தில் கேழ்வரகு விதைச்சது அதில் இருந்தது. பாட்டி பிரசவத்துக்கு வாங்கின கடனுக்கு வெறும் தாளில் ரேகை வைச்சது இருந்தது. திரும்ப வரப்பில் கால் வைச்சவரை அடிச்சு விரட்டினது இருந்தது. இல்லாதது மூணு: சர்வே நம்பர், நாலெல்லை, நிலம் பறிபோன தேதி.

எதிராளி வக்கீல் ஆர்டர் 7 ரூல் 11இல் மனுப் போட்டார். 1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம். சாட்சி விசாரிக்காமலே, பிராதை மட்டும் படித்துப் பார்த்துத் தள்ளிவிடலாம். ஆக, பெரியப்பா சொன்னது பொய் என்று கோர்ட் சொல்லவில்லை. சொல்லத் தெரியலே என்றுதான் சொன்னது.

சொல்லத் தெரியாமல் போனது யாரால்? 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரெமென்ஹீர் நம் மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. முதல் பத்து வருஷம் அந்த நிலத்தை யாருக்கும் விற்கக்கூடாது. பிறகு விற்றாலும் நம்மவர்க்கே விற்க வேண்டும். இந்த நிபந்தனை எழுதின பதிவேடு எங்க குடிசையிலா இருக்கு? தாலுகா ஆபீஸ் பீரோவில் இருக்கு. அங்கே போய்க் கேட்டால் 'நீ யார்?' என்கிறார்கள்.

தேதி வேணுமாம்! எந்தத் தேதி? ரேகை வாங்கின நாளா, அடிச்ச நாளா, பட்டாவில் பேர் மாறின நாளா?

'சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே, எதிராளிக்கும் குற்றச்சாட்டு புரிய வேண்டாமா?' என்பார்கள். புரியட்டும். நாம் சலுகை கேட்கவில்லை. அதே புத்தகத்தில் ஆர்டர் 6 ரூல் 17 இருக்கு, பிராதைத் திருத்தலாம். 1987ஆம் வருஷத்து சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவு இருக்கு. தலித்துக்கும் பழங்குடிக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரணும். இதைப் பெரியப்பாவிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. தள்ளுகிற விதி மட்டும் எல்லார் வாயிலும் இருந்தது.

அமெரிக்காவில் 1972இல் ஒரு சிறைக் கைதி தானே எழுதிப் போட்ட பிராதைக் கீழ்க் கோர்ட்டுகள் தள்ளின. வக்கீல் எழுதுவதை அளக்கிற கோலால் அதை அளக்காதே என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். இங்கே?

1994இல் பஞ்சமி நிலம் கேட்டுத் தெருவில் இறங்கிய காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குச் செத்தார்கள். 'சட்டப்படி கேளுங்கள்' என்று உபதேசம் வந்தது. கேட்டோம். வியாஜ்ய மூலம் இல்லையாம்!

தோழர்களே, பிராது தள்ளப்பட்டதோடு வழக்கு சாகவில்லை. அந்த உத்தரவும் டிக்ரிதான், அப்பீல் போகலாம். ரூல் 13இன்படி புதுப் பிராதும் போடலாம். காலக்கெடு மட்டும் தாண்டக்கூடாது. சட்டம் படிக்கிற நம் பிள்ளைகள் மேடையில் பேசினது போதும். கோர்ட் வாசலில் உட்காருங்கள். சர்வே நம்பரை எடுத்துக் கொடுங்கள், நாலெல்லையை எழுதிக் கொடுங்கள்.

கோர்ட்டுக்கு நம் கோரிக்கை ஒண்ணுதான். வக்கீல் இல்லாமல் வந்தவன் பிராதைத் தள்ளுமுன் அவனைச் சட்ட உதவிக் குழுவுக்கு அனுப்பு. எழுத்தைத் தள்ளாதே, முதலில் ஆளைக் கேள்.