ஆத்தங்கரையில் சைக்கிள் விட பிரான்ஸுக்குத்தான் போகணுமா?

நண்பர் ஒருத்தர் பிரான்ஸ் போயிட்டு வந்திருக்கார். லுவார் நதிக்கரையில் ஒரு வாரம் சைக்கிள் ஓட்டினாராம். கூட்டமா போட்டோ போட்டிருந்தார். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் திராட்சைத் தோட்டம், நடுவில் கரைமேல சரள் பாதை. கார் கிடையாது, லாரி கிடையாது, ஹாரன் சத்தம் கிடையாது. எல்லாம் நல்லாத்தான் இருந்தது, கடைசி வரியைத் தவிர. "நம்ம ஊர்ல இதெல்லாம் கனவுலகூட நடக்காது"ன்னு முடிச்சிருந்தார்.

அங்கதான் எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. அண்ணாச்சி, நீங்க பொறந்தது தாமிரபரணிக் கரையில. சின்ன வயசுல முங்கு நீச்சல் பழகப் போன பாதை எது? சைக்கிள் பழகும்போது முட்டியைப் பேர்த்துக்கிட்டது எங்க? அதே சரள் கரைதானே! அதைப் பார்க்க விமானம் ஏறிப் போயிருக்கீங்க.

முதல்ல அந்த லுவார் கதையைப் பார்ப்போம். நெவேர் ஊர்ப் பக்கம் ஆரம்பிச்சு அட்லாண்டிக் கடல் வரைக்கும் ஏறக்குறைய 900 கிலோமீட்டர். அதுல பல இடங்களில் பாதையே வெள்ளத்தைத் தடுக்க அந்தக் காலத்தில் கட்டின ஆத்துக்கரைதான். எல்லாம் புதுசா நிலம் எடுத்துப் போட்டதில்லை. இருந்த கரை, இருந்த சின்ன ரோடு, இருந்த வண்டிப்பாதை எல்லாத்தையும் கோர்த்து, மோட்டார் வண்டி போகக்கூடாத இடங்களில் போகக்கூடாதுன்னு போர்டு வச்சாங்க. சைக்கிளுக்கும் நடக்கிறவங்களுக்கும் மட்டும்னு ஒரு பாதை வகையையே 2004ல் அவங்க சாலை விதியில் சேர்த்துட்டாங்க. பெரிய ராக்கெட் விஞ்ஞானமெல்லாம் இல்லை, ஒரு போர்டும் நாலு கல்தூணும்தான்.

இப்ப நம்ம ஆத்துக்கு வருவோம். பொதிகையில் பொறந்து புன்னைக்காயல்ல கடல்ல சேருது, ஏறக்குறைய 128 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக்குள்ளேயே பொறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே முடியிற ஆறு, அதனால எந்த ஸ்டேட்டுகிட்டயும் கெஞ்ச வேண்டாம். கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து எங்க ஊர் முகத்துவாரம் வரை இருபத்தஞ்சு முப்பது கிலோமீட்டர்தான் இருக்கும். ஏத்தம் இறக்கம் எதுவும் கிடையாது, தொப்பை உள்ள ஆளும் மிதிச்சிடலாம் (அனுபவஸ்தன் சொல்றேன்). அணைக்கட்டுல இருந்து வடகால் ஒண்ணு, தென்கால் ஒண்ணு பிரியுது. ஆத்துக்கு ரெண்டு கரை, காலுக்குக் கரை, குளத்துக்குக் கரை. பெருங்குளம், கடம்பாகுளம்னு போய்க்கிட்டே இருக்கலாம். இதெல்லாம் போடாத ரோடு இல்லை மக்களே. ஏற்கெனவே கிடக்கிற ரோடு.

வழியில் பார்க்க என்ன இருக்குன்னு கேட்கிறவங்களுக்கு: தெற்கே ஆதிச்சநல்லூர், 2023ல் அங்க தோண்டின இடத்திலேயே அருங்காட்சியகம் திறந்தாச்சு. ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை. வடக்கே கொற்கை, பாண்டியன் துறைமுகம், இப்ப கடல் எங்கேயோ விலகிப்போய் வாழைத்தோட்டத்துக்கு நடுவே உக்கார்ந்திருக்கு. அங்க உள்ள வன்னி மரத்தடியில் நிழல் பிரமாதம். ஆத்தூர் வெத்தலைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைச்சுது, அந்தக் கொடிக்காலையும் பார்க்கலாம். அப்புறம் சேர்ந்தபூமங்கலம். உரோமச முனிவர் ஆத்துல விட்ட ஒன்பது தாமரையில கடைசிப் பூ வந்து சேர்ந்த இடம்னு தலபுராணம் சொல்லுது. அந்தப் பூ வந்த ரூட்டுதான்யா நான் கேட்கிற ரூட்டு! கடைசியா எங்க புன்னைக்காயல். என்றீக்கு அடிகளார் தமிழ் படிச்சு, தமிழில் எழுதின மண். ஒரு பக்கம் அலையாத்திக் காடு, எதிரே மன்னார் வளைகுடா.

நவதிருப்பதி, நவகைலாயம் பார்க்க வர்றவங்க வேனில் அடைச்சுக்கிட்டு ஒரே நாளில் ஒன்பது கோயிலையும் முடிச்சுட்டு ஓடுறாங்க. ஆத்தைப் பார்க்கிறாங்களான்னு கேட்டா, பாலத்தைத் தாண்டும்போது அரை நிமிஷம்.

சரி, இது சுற்றுலா மேட்டர்னு ஒதுக்கிடாதீங்க. எனக்குக் கோபம் வர்ற விஷயம் வேற.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது பழையகாயல். அவ மக பிளஸ் ஒன் சேர்ந்ததும் அரசாங்க சைக்கிள் கிடைச்சுது. 2001ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்ச திட்டம், 2005 வாக்கில் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிற எல்லாருக்கும்னு ஆச்சு. நல்ல திட்டம், சத்தியமா நல்ல திட்டம். புள்ள ரெண்டு வாரம் ஓட்டினா. மூணாவது வாரம் திருச்செந்தூர் மெயின் ரோட்டில் உப்பு ஏத்தின லாரி ஒண்ணு ஹேண்டில்பாரை உரசிட்டுப் போயிடுச்சு. கடவுள் புண்ணியம், பள்ளத்தில் விழுந்து முழங்கை பேர்ந்ததோட போச்சு. அன்னிக்கு ராத்திரி அக்கா போன் பண்ணி, "ஏல தம்பி, இனிமே அவ சைக்கிளைத் தொடப்படாது, நீ அவளுக்குச் சப்போட் பண்ணிக்கிட்டு வராத"ன்னுட்டா. சைக்கிள் இப்ப கோழிக்கூண்டுக்குப் பக்கத்துல நிக்குது. மாசாமாசம் வேனுக்குப் பணம். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் இருந்தா வேனும் கிடையாது, அன்னிக்குக் கிளாஸுக்கு லீவு.

சைக்கிளைக் கொடுத்தாச்சு, அதை எங்க ஓட்டணும்னு மட்டும் யாரும் சொல்லலை. உப்பளத்துக்கு நடுவே வாய்க்கால் கரை கிடக்கு. உடங்காட்டை வெட்டி, ரெண்டு லோடு சரளைக் கொட்டிக் கெட்டிச்சா அவ பாட்டுக்குப் போவா. எங்க தாத்தா காலத்துல கேரியர்ல மீன் பெட்டியைக் கட்டிக்கிட்டு இப்படிக் கரைமேலயேதான் ஏரல் சந்தைக்குப் போயிட்டு வந்தார்.

உடனே ஒரு கோஷ்டி வரும். "கரையில தார் ரோடு போடுங்க, எல்லா வண்டியும் போகட்டும், ஊர் முன்னேறும்"னு. சாமிகளா, இதைவிட ஆத்துக்குக் கேடு வேற இல்லை. கரைமேல டிப்பர் போக வழி பண்ணிக்கொடுத்தா என்ன நடக்கும்னு நமக்குத் தெரியாதா? 2023 ஏப்ரல்ல முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் பத்திப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை அவரோட ஆபீசுக்குள்ளேயே புகுந்து வெட்டிக் கொன்னாங்க. அதுக்குப் பிறகும் ஆத்துக்குள்ள லாரி இறங்க வசதியா ரோடு கேட்டா எப்படி? நான் கேட்கிறது சைக்கிள் நுழையிற, டிப்பர் நுழையாத ரெண்டு கல்தூண். நீர்வளத்துறை ஜீப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் நடுவில் ஒரு பூட்டுத்தூண், சாவி அவங்ககிட்ட.

ஒரு எதிர்க்கேள்வி மட்டும் நியாயமானது, ஒத்துக்கறேன். வாழைத்தார் ஏத்த டிராக்டர் கரைக்கு வந்தாகணும். ஏரல் பக்கம் விவசாயி ஒருத்தர் என்கிட்ட, "தம்பி, நீங்க ஞாயித்துக்கிழமை காத்து வாங்க என் தாரைத் தலையில தூக்கச் சொல்றீங்களா?"ன்னு கேட்டார். பதில் சொல்ல முடியலை. யோசிச்சா, டிராக்டர் அவசியமான துண்டுல அது போகட்டும். லுவார்லயும் பல இடத்துல உள்ளூர் வண்டி போற சின்ன ரோட்டுலதான் சைக்கிளும் போகுது. வாழைக்கு வர்ற டிராக்டரால எந்தப் புள்ளையும் பள்ளத்துல விழப்போறதில்லை.

அப்புறம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல் பாலம் துண்டிச்சுப் போச்சு, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்னுபோச்சு, குளமும் காலும் உடைச்சுக்கிட்டு ஊருக்குள்ள வந்துது. கடல்ல போற வள்ளத்தைத் தெருவில் விட்டு ஆளுங்களை மீட்டாங்க. ஆள் நடமாட்டமே இல்லாத கரையில நண்டு வளை போட்டதும், உடைமரம் வேர் விட்டதும், ஓரம் அரிச்சதும் யார் கண்ணுல படும்? தினம் நூறு புள்ளைங்க சைக்கிள்ல போற கரையில ஒரு ஓட்டை விழுந்தா அன்னிக்கே ஊருக்குத் தெரியும். சைக்கிள் பாதை இருந்தா வெள்ளமே வராதுன்னு நான் சொல்லலை. 95 சென்டிமீட்டருக்கு எந்தக் கரையும் தாங்காது. ஆனா அடுத்த மழைக்கு உடையப்போற கரையை முன்னாடியே பார்த்து வைக்கலாம்.

கிராவல் பைக்னு ஒண்ணரை லட்சத்துக்கு வாங்கி ஈசிஆர்ல விடிகாலை தார் ரோட்டுலயே ஓட்டுற சென்னை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்க டயருக்கு ஏத்த சரள் எங்க ஊர்லதான் இருக்கு. முத்துநகர்ல ஏறுங்க, நான் கூட வர்றேன். வந்து நாலு பேர் எழுதுனா, மனு கொடுக்கப் போகும்போது காட்டவாவது உதவும். மனு எழுதிட்டேன், பழையகாயல் வாய்க்கால் கரைக்கு மட்டும். முதல் கையெழுத்து அக்கா மக. அக்கா இன்னும் போடலை, "முதல்ல முள்ளை வெட்டட்டும், பொறவு பாப்போம்"ங்கா.

டிஸ்கி: போன ஞாயிறு முக்காணியில் இருந்து ஏரல் வரைக்கும் முடிஞ்ச மட்டும் கரையை ஒட்டியே போய்ப் பார்த்தேன். ரெண்டு இடத்துல சைக்கிளைத் தூக்கிக்கிட்டு நடந்தேன், ஒரு இடத்துல அமலைச் செடிக்குள்ள செருப்பைத் தொலைச்சேன். மொத்தம் மூணு பஞ்சர், மூணும் உடைமுள். ஏரல்ல ஒட்டித் தந்த அண்ணாச்சி, "ரோடு இருக்கும்போது ஏன் தம்பி கரையில வந்த?"ன்னு கேட்டார். இந்தப் பதிவை அவருக்குத்தான் முதல்ல படிச்சுக் காட்டணும்.