பற்றறி இல்லாத றேடியோ

போன வின்ரரிலே மகளும் நானும் ஒரு றேடியோ செய்தோம். பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்து கொண்டுபோக வேணும் எண்டு வந்து நின்றாள். "பற்றறியும் இல்லாமல் கரண்டும் இல்லாமல் பாடுற றேடியோ செய்வம்" என்று நானும் வாயை விட்டுவிட்டேன்.

பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒரு மட்டைக் குழாயிலே எனாமல் பூசின செப்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றினோம். ஒரு கொண்டென்சர், ஒரு ஜேர்மேனியம் டயோட், காதுக்கு ஒரு கிறிஸ்டல் இயர்போன். பல்கணியிலிருந்து முற்றத்து மரத்துக்கு ஏரியல். ஹீற்றர் குழாயிலே ஏர்த். பிள்ளை கனநேரம் காதிலே வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்பா, ஒண்டும் கேக்கேல்லை" என்றாள்.

பிழை எங்கள் கம்பியிலே இல்லை. பிடிக்கத்தான் பக்கத்திலே ஒன்றும் இல்லை. நான் இருக்கும் ஜேர்மனியிலே டொச்லான்ட்ஃபுங்க் வானொலி 2014 முடிவிலே நெட்டலையை நிறுத்தியது, 2015 டிசம்பர் 31 உடன் மத்திய அலையையும் நிறுத்தியது. பிரான்ஸ் இன்ரரின் நெட்டலை 2016 முடிவோடு போனது.

இந்தப் பெட்டியின் புதுமை, வானலை தன்னோடு கொண்டு வருகிற சிறு சக்தியிலேயே அது பேசும் என்பது. முந்தி டயோட்டுக்குப் பதிலாகக் கலீனா என்ற ஈயத் தாதுக் கல்லு. அதன் மேலே ஒரு மெல்லிய கம்பி நுனியை வைத்து, சத்தம் வரும் இடத்தைத் தடவித் தேடுவார்கள். அந்தக் கல்லை அலை உணரியாக வைத்து 1904 இலே அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ். கொழும்பிலே எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் திணைக்களப் பொறியியலாளர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்றின் கருவிகளைக் கொண்டு ஒலிபரப்பிப் பார்த்து, 1925 டிசம்பரிலே கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. அந்தக் காலத்திலே உலகம் முழுக்க எத்தனையோ பேருக்கு முதல் றேடியோ தாங்களே சுற்றின கம்பிதான். 1944 இலே இத்தாலியின் அன்சியோவில் பதுங்குகுழிக்குள் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் சவர பிளேட்டையும் பென்சில் கரியையும் வைத்தே பாட்டுக் கேட்டார்கள்.

பதுங்குகுழி எங்களுக்கும் தெரியும்தானே. 1990 இலே யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. பற்றறி தடைசெய்த பொருள். தூரத்துச் சிற்றலையைப் பிடிக்கக் கல்லு றேடியோ காணாது, ட்ரான்சிஸ்டர் வேணும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒராள் கையாலே பெடலைச் சுற்ற, மற்றவை சுற்றியிருந்து பிபிசி தமிழோசையும் மணிலாவிலிருந்து வரும் வெரித்தாசும் கேட்டோம். கை களைத்தால் செய்தியும் களைக்கும். "சுத்தடா, சுத்தடா" என்று அப்பா கத்துவார். எங்கை ஷெல் விழுந்தது, ஆர் செத்தது என்று அறிய வேறு வழி இல்லை. சோதனைச் சாவடியிலே பற்றறியை மறிக்கலாம், அலையை மறிக்க ஏலாது.

மத்திய அலைக்குக் கரண்ட் செலவு கூட, கேட்கிற ஆட்களும் குறைவு என்கிறார்கள். உண்மைதான். கைத்தொலைபேசியிலே எல்லாம் வருகுதே என்று எங்கடை ஆட்களும் சொல்லுவினம். தொலைபேசிக்குக் கோபுரம் வேணும், கோபுரத்துக்குக் கரண்ட் வேணும், இரண்டையும் நிறுத்த ஒருத்தரின் ஒரு கட்டளை போதும். நிறுத்தப்பட்ட ஊரிலே இருந்து வந்தவர்கள் நாங்கள். புது டிஜிற்றல் றேடியோவின் உள்ளே இருக்கும் சிப்பை எந்த வீட்டு மேசையிலும் செய்ய முடியாது. ஏழையும் செய்யக்கூடிய, உடைந்தால் திருத்தக்கூடிய ஒரு றேடியோவுக்கு நாட்டுக்கு ஒரு மத்திய அலை நிலையமாவது விட்டு வைக்க வேணும். அந்தரத்துக்கு உதவும் என்று வீட்டிலே ஒரு அரிக்கன் லாம்பு வைத்திருப்பது போல. லாம்பு தினமும் எரியவில்லை என்று அதை ஆரும் எறிகிறதில்லை.

மகள் அந்தப் பெட்டியைப் பேசாத பெட்டியாகவே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். இப்ப அது அலுமாரியின் மேலே இருக்கிறது. அதிலே தேய்ந்து போக ஒன்றும் இல்லை. பக்கத்திலே ஆராவது ஒலிபரப்பினால் அது கேட்கும்.