கப்பல் ஜப்தியும் சட்டி ஜப்தியும்

சென்ற வாரம் நாம் கொல்லிமலைக்குப் போயிருந்த சமயம், வாசலூர்பட்டிப் படகுக் குளத்தருகே சில மலைவாசித் தோழர்களோடு பேசிக்கொண்டிருக்க நேர்ந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வருகின்ற பிரயாணிகள் அந்தச் சிறு குளத்தில் காலால் மிதிக்கும் படகில் சற்று நேரம் சுற்றிவிட்டு, அன்னாசிப் பழமும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்கிப் போகிறார்கள். அந்தப் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "ஐயா, பெரிய பணக்காரர்களுடைய கப்பலையும் ஆகாய விமானத்தையும் சர்க்காரார் ஜப்தி செய்கிறார்களாமே, மெய்தானா? எங்கள் வீட்டுச் சட்டியைத்தான் ஜப்தி செய்வார்கள் என்று இருந்தேன்" என்று கேட்டார். அவர் பக்கத்தில் ஒரு வாலிபர் உட்கார்ந்திருந்தார். அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்து, கம்பெனி மூடிப்போனதால் நாலு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு மலையேறி வந்தவர். அவர் கேட்டது வேறு: "கப்பலைப் பிடித்தார்கள், சரி. அதில் வேலை செய்தவனுக்குக் கூலி வந்ததா ஐயா?"

பெரியவர் கேட்டதற்கு ஆம் என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டோம். வாலிபர் கேட்ட கேள்விக்கு அங்கே சொன்ன பதில் போதாது என்று தோன்றியதாலேயே இதை எழுதுகின்றோம்.

முதலாவது, இந்த உல்லாசக் கப்பல் என்பது என்ன? அது மீன் பிடிப்பதற்கோ, நெல் ஏற்றுவதற்கோ, ஜனங்களை அக்கரை சேர்ப்பதற்கோ ஏற்பட்டதல்ல. ஒரு மனிதனும் அவனுடைய சிநேகிதர்களும் வருஷத்தில் சில நாள் கடலில் மிதந்துகொண்டு விருந்துண்பதற்காக ஏற்பட்டது. மற்ற நாள்களில் துறைமுகத்தில் சும்மா நிற்கும். ஆனால் சும்மா நிற்பதற்கும் அதற்கு மாலுமிகள் வேண்டும், எண்ணெய் வேண்டும், வர்ணம் வேண்டும், இன்ஷூரன்ஸ் வேண்டும். வேலை செய்யாமலே தின்னுகின்ற பொருள் அது. அதன் சொந்தக்காரர் குணம் அதற்கும் வந்துவிட்டது போலும்!

2022 பிப்ரவரியில் ருஷ்ய சர்க்கார் உக்ரைன் மீது படையெடுத்ததும், ஐரோப்பிய, அமெரிக்க சர்க்கார்கள் ருஷ்யக் கோடீஸ்வரர்கள் பலர்மீது பொருளாதாரத் தடை விதித்தன. மார்ச்சு மாதத்திலேயே இத்தாலி தேசத்தார் திரியெஸ்தே துறைமுகத்தில் 143 மீட்டர் நீளமுள்ள ஒரு கப்பலை முடக்கினார்கள். உரத்திலும் நிலக்கரியிலும் பணம் சேர்த்த ஆந்திரேய் மெல்னிசென்கோ என்பவரைச் சேர்ந்ததென்று சொல்லப்பட்ட அதன் மதிப்பு சுமார் 53 கோடி யூரோ. மே மாதத்தில், ஒரு காலத்தில் நம் ஜனங்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு போய் இறக்கிய அதே பிஜித் தீவில், 'அமேடியா' என்கிற கப்பலை அமெரிக்க சர்க்காரின் வேண்டுகோளின்மேல் பிடித்தார்கள். அதன் மதிப்பு 30 கோடி டாலர் என்றார்கள்.

இதைக் கேட்டவுடன் நம்மில் அநேகருக்குச் சந்தோஷம் உண்டாகும். பெரிய மனிதனுக்கும் ஒரு நாள் வந்ததே என்கிற சந்தோஷம் அது. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் பகுத்தறிவுள்ளவன் சந்தோஷத்தோடு நின்றுவிடாமல் கணக்குக் கேட்க வேண்டும். முடக்குவது வேறு, பறிமுதல் செய்வது வேறு. முடக்கினால் பொருள் இன்னும் பழைய சொந்தக்காரனுடையதே. அவன் அதை அனுபவிக்க முடியாது, சர்க்கார் அதை விற்கவும் முடியாது. அதுவரை பராமரிப்பது யார்? இத்தாலியில் அந்தச் செலவு சர்க்கார் தலையில் விழுந்தது. அமேடியாவுக்கு மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய 10 லட்சம் டாலர் செலவாகின்றதென்று அமெரிக்க சர்க்காரே கோர்ட்டில் சொல்லிற்று. கப்பல் தன்னுடையதென்று வேறொரு ருஷ்யர் வழக்காடி, 2025 மார்ச்சில்தான் அது தீர்ந்து, பிறகு ஏலத்துக்கு வந்தது. கொள்ளைக்காரன் வீட்டு யானையைப் பிடித்துவந்து சாவடியில் கட்டிவிட்டு, அதன் தீனிக்கு ஊராரிடம் வரி வசூலிப்பது போன்ற காரியம் இது.

நிற்க, நம் தேசத்துக் கதைக்கு வருவோம். விஜய் மல்லையா என்பவருக்கு 'இந்தியன் எம்ப்ரஸ்' என்று 95 மீட்டர் நீளத்தில் ஒரு கப்பல் இருந்தது. ஒரு பெரிய ஏர்பஸ் விமானத்தைச் சொந்த உபயோகத்துக்கென்றே வைத்திருந்தார். 2005-ல் அவர் ஆரம்பித்த கிங்ஃபிஷர் விமானக் கம்பெனி 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. பைலட்டு முதல் மூட்டை ஏற்றுகிறவர் வரை பல மாதச் சம்பளம் நின்றுபோயிற்று. பொதுஜனங்கள் சேமித்து வைத்த பணத்திலிருந்து கடன் கொடுத்தவை 17 பாங்குகள். அவர் 2016 மார்ச்சு 2-ந் தேதி லண்டனுக்குப் போய்விட்டார். 2018-ஆம் வருஷத்துச் சட்டப்படி, 2019 ஜனவரி 5-ந் தேதி, தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளி என்று கோர்ட்டாரால் முதன்முதலாக அறிவிக்கப்பட்டவரும் அவரே.

அவருடைய விமானத்தின் கதியைப் பாருங்கள். சேவை வரிப் பாக்கிக்காக அதை 2013-ல் ஜப்தி செய்தார்கள். பம்பாய் விமான நிலையத்தில் வருஷக்கணக்காய் வெயிலிலும் மழையிலும் நின்றது. 2016-ல் 152 கோடி ரூபாய்க்குக் குறையாமல் விற்போம் என்று ஏலம் போட்டார்கள். ஒருவர் 1 கோடியே 9 லட்சத்துக்குக் கேட்டார்! கடைசியில் 2018-ல் 34 கோடியே 80 லட்சத்துக்குப் போயிற்று. ஜப்தி செய்வதில் சர்க்காருக்கு இருந்த ஊக்கம், காலத்தில் விற்றுப் பணமாக்குவதில் இல்லை. தாமதத்தில் கரைந்தது பொதுஜனங்களுடைய பணமேயாகும்.

கப்பலின் கதையோ வேறு. அதில் வேலை செய்த சுமார் 40 மாலுமிகளுக்கு, பல தேசத்தார் அவர்கள், 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பளப் பாக்கி நின்றது. 2018 மார்ச்சில் கப்பல் மால்ட்டாத் தீவுத் துறைமுகத்தில் நின்றபோது, அவர்களுடைய சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. கோர்ட்டார் முதலாளியைத் தேடிக்கொண்டு லண்டனுக்குப் போகவில்லை. கப்பலையே பிடித்து நிறுத்தினார்கள். முதல் ஏலத்தில் எடுத்தவர் பணம் கட்டவில்லை. மறுபடியும் விற்று 3½ கோடி யூரோ வந்தது. எல்லாம் அந்த ஒரே வருஷத்திற்குள்.

இது எப்படி நடந்தது? மால்ட்டா நீதிபதிகள் தர்மாத்மாக்கள் என்பதாலா? அல்ல. கடல் சட்டத்தில் நெடுங்காலமாய் ஒரு விதி இருக்கிறது. கப்பலில் வேலை செய்தவனுடைய கூலி அந்தக் கப்பலின் மேலேயே நிற்கும் கடன். கப்பலை அடமானம் பிடித்த பாங்குக்காரன்கூட அவனுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். இந்தியாவிலும் 2017-ஆம் வருஷத்துக் கடல்சார் வழக்குச் சட்டத்தின் 9-வது பிரிவு மாலுமியின் சம்பளத்தையே முதல் வரிசையில் வைத்திருக்கிறது. இது போதாதென்று, முதலாளி கைவிட்டுவிட்டால் நாலு மாதச் சம்பளத்தை இன்ஷூரன்ஸ்காரர் கொடுக்க வேண்டும் என்று சர்வதேச உடன்படிக்கையும் 2017 முதல் அமுலில் இருக்கிறது. மாலுமிகளுக்கு இந்த உரிமையை யாரும் தானமாகக் கொடுத்துவிடவில்லை. கூலி கொடுக்காவிட்டால் கப்பலை நடுக்கடலில் செலுத்த ஆளிராது என்கிற பயமும், அவர்களுடைய சங்க ஒற்றுமையும் சேர்ந்தே அதைக் கொடுத்தன.

ஆனால் அதே முதலாளியின் விமானக் கம்பெனியில் உழைத்தவர்களுக்கு என்ன நடந்தது? சம்பளம் நின்றது 2012-ல். அவர்களுடைய பாக்கிக்காக 300 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கும்படி சென்னைக் கடன் வசூல் தீர்ப்பாயம் உத்தரவிட்டது 2025 டிசம்பரில்! ஒரே முதலாளி. கடலில் உழைத்தவனுக்கு ஒரு வருஷத்தில் வழி பிறந்தது. வானத்தில் உழைத்தவனுக்குப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று. தரையில், பனியன் கம்பெனியில் உழைத்த வாசலூர்பட்டி வாலிபருக்கு வழியே தெரியவில்லை. இது தலைவிதியா? கடலில் ஒரு சட்டமும் தரையில் ஒரு சட்டமும் மனிதர் எழுதி வைத்ததன் பலன் அல்லவா?

தலைவிதி என்று சொன்னவுடன் இன்னொன்று ஞாபகத்துக்கு வருகிறது. இதே மல்லையா 1998-ல் சபரிமலைக் கோவிலுக்கு 30 கிலோவுக்கு மேல் தங்கம் கொடுத்துப் போர்த்தினார். 2012 டிசம்பரில், தொழிலாளிகள் சம்பளமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தபோது, தம் பிறந்த நாளுக்குத் திருப்பதிக்கு 3 கிலோ தங்கம் கொடுத்தார். சாமி அவர் கம்பெனியையும் காப்பாற்றவில்லை, தொழிலாளிக்குச் சம்பளத்தையும் வாங்கிக் கொடுக்கவில்லை. அதுதான் போகட்டும். சபரிமலையில் போர்த்திய தங்கத்திலேயே குறைவு கண்டுபோய், 2025-ல் கேரள ஹைகோர்ட்டு தனிப் போலீஸ் விசாரணைக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று! தன் தங்கத்தைக் காத்துக்கொள்ளப் போலீசாரை நம்புகின்ற சாமி, உழைத்தவனுடைய கூலியைக் காத்துக் கொடுக்கும் என்று நம்புவதில் ஏதாவது அர்த்தமுண்டா?

ஜப்திப் பொருள் ஒழுங்காய் விற்கப்பட்டதற்கும் திருஷ்டாந்தம் இல்லாமலில்லை. நம்மவர்கள் ரப்பர்க் காடு வெட்டி உழைத்த மலேயா நாட்டில், '1எம்டிபி' என்கிற சர்க்கார் நிதியைக் கையாடி வாங்கியதென்று சொல்லப்பட்ட 'எக்வனிமிடி' என்னும் கப்பலை 2018 பிப்ரவரியில் பாலித் தீவில் பிடித்தார்கள். ஆகஸ்டில் அது மலேசிய சர்க்கார் கைக்கு வந்தது. 2019 ஏப்ரலில் 12 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றார்கள். அதன் விலை 25 கோடி டாலர் என்கிறார்கள். பாதிதான் வந்தது, ஆனாலும் பதினான்கு மாதத்தில் வந்தது. நாம் விமானத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஐந்து வருஷம்.

இனி பெரியவருடைய சட்டியைப் பற்றி. 1908-ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு, கடன்காரனுடைய உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவி, விவசாயியின் உழவு மாடு, கருவி இவைகளை ஜப்தி செய்யக்கூடாதென்று சொல்லுகிறது. இதைச் சொன்னபோது பெரியவர், "அப்படியும் ஒரு சட்டம் உண்டா?" என்று ஆச்சரியப்பட்டார். நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கின்ற சட்டம் மலையேறி வந்து சேரவில்லை! ஏழை தன் உரிமையை அறியாதிருப்பதுதான் பணக்காரனுடைய பெரிய ஆஸ்தி. ஆகவே தோழர்களே, இந்தப் பிரிவை ஒவ்வொருவரும் மனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பணக்காரன் சொத்தை இப்படிப் பிடிப்பது நியாயமா என்று சிலர் கேட்கிறார்கள். விசாரணையில்லாமல் பறிப்பது யாருக்குச் செய்தாலும் அநியாயமே என்றுதான் நாமும் சொல்வோம். இன்று நமக்குப் பிடிக்காத கோடீஸ்வரன்மேல் பாய்கின்ற சட்டம், நாளைக்குச் சர்க்காருக்குப் பிடிக்காத பத்திரிகையின் அச்சு இயந்திரத்தின் மேலும் பாயும். வெள்ளைக்கார ஆட்சியில் ஜாமீன் கேட்டுப் பத்திரிகைகளை நசுக்கியதை நாம் மறக்கவில்லை. மல்லையாவும் ஒரு கணக்குக் கேட்கின்றார். தீர்ப்பாயம் சொன்ன கடன் 6,203 கோடி, பாங்குகளுக்குச் சேர்ந்ததென்று 2024 டிசம்பரில் பார்லிமெண்டில் நிதி மந்திரி சொன்னது 14,131 கோடி, விவரம் கொடுங்கள் என்று 2025-ல் கர்நாடக ஹைகோர்ட்டுக்குப் போனார். வட்டி ஓடுகின்றதென்பது மறுபக்கத்து வாதம். யார் கணக்குச் சரியென்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பகிரங்கமாய் வைப்பதில் சர்க்காருக்கும் பாங்குகளுக்கும் என்ன கஷ்டம்? அந்தக் கணக்கைப் பார்க்க அவரைவிட அதிக உரிமையுள்ளவர்கள் பாங்கில் பணம் போட்ட ஜனங்களும், சம்பளம் நின்ற தொழிலாளிகளுமே.

ஆதலால் நாம் சொல்வது இவ்வளவே. பிடித்தால் விசாரணை சீக்கிரம் நடக்க வேண்டும். தீர்ப்பானால் பொருள் துருப்பிடிக்குமுன் விற்பனை நடக்க வேண்டும். வந்த பணத்தின் கணக்கு ஊரறியப் பிரசுரமாக வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, மாலுமிக்குக் கடலில் இருக்கின்ற முதல் உரிமை, ஆலையிலும் கம்பெனியிலும் விமானத்திலும் உழைக்கின்றவனுக்கும் வேண்டும். கூலி பாக்கியிருந்தால் அந்த இயந்திரத்தின் மேலேயே அவனுக்கு முதல் பாத்தியம். பாங்கும் வரி இலாகாவும் அவனுக்குப் பின்னால் நிற்கட்டும்.

வாலிபர் எங்களை வழியனுப்பும்போது, "அப்படியானால் எங்கள் கம்பெனித் தையல் மிஷினை நாங்கள் பிடித்து நிறுத்தியிருக்கலாமே ஐயா?" என்றார். இன்றுள்ள சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றுதான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பதிலை மாற்றுவது சாமி கையிலும் இல்லை, விதி கையிலும் இல்லை. மாலுமிகள் எப்படி மாற்றினார்களோ அப்படிச் சங்கமாய்ச் சேர்ந்து கேட்கின்ற தொழிலாளிகள் கையில்தான் இருக்கிறது.