அடுப்படிக்கு அவன் வந்த பிறகு

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021 கணக்கில், தற்கொலை செய்துகொண்ட இல்லத்தரசிகள் மட்டும் 23,000க்கும் மேல். அதற்கு ஊர் கலங்கவில்லை. வேலையை விட்டுப் பிள்ளை வளர்க்கும் அப்பாவின் மனச்சோர்வு என்றதும் எல்லாருக்கும் நெஞ்சு இளகுகிறது. ஆண் தொட்ட பிறகுதான் அடுப்படிக்கு மனநோய் வந்ததா?

அவனுக்கும் ஆலோசனை வேண்டும்; மறுக்கவில்லை. டெலி மானஸ் எண் 14416 அவனுக்கும்தான். ஆனால் திருப்பரங்குன்றத்துத் தெருவில் அவன் காதில் விழுவது, "பொண்டாட்டி சம்பாத்தியத்துல உக்காந்து திங்கிறான்." தடுப்பூசி போடப் போனால், "அம்மா வரலையா?" அவனை நோகடிப்பது பிள்ளையின் அழுகையா? நம் வேலைக்கு ஊர் வைத்திருக்கும் மதிப்பு அது. (நாமெல்லாம் காலங்காலமாக உட்கார்ந்து தின்றவர்கள்தானே!) மைய அரசே தன் ஊழியரான அப்பாவுக்குக் கொடுக்கும் மகப்பேற்று விடுப்பு 15 நாள். அந்த விடுப்பை நீட்டச் சொல்லி அவனும் நம்மோடு வந்து கேட்கட்டும்.